இரையில்லாத தூண்டில்

கிட்டே வாங்க என் கண்ணுகளா, இடம் பத்தாவிட்டால் என் மேலேயே சாய்ந்துகொள்ளுங்கள். நடுக்கடலில் மாட்டிக்கொண்டு முழித்த ஒரு மாப்பிள்ளையின் கதை சொல்கிறேன்.

அவனுக்குப் பிழைப்பு பஞ்சர் கடை. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் அவனிடம் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசியதில்லை. மனிதரை எப்படியாவது குளிர வைக்கவேண்டுமென்று, மீன்பிடிக்கக் கூட்டிப்போகும் படகு ஒன்றை ஒரு பகலுக்கு வாடகைக்குப் பிடித்தான். “எல்லாம் என் செலவு மாமா, நீங்க பையில கைய விடக்கூடாது” என்று ஜம்பம் வேறு. வாடகை கொடுத்ததோடு பை காலியாகிவிட்டது. பஸ்ஸுக்கு மட்டும் மிச்சம்.

கரை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் படகோட்டி பேச்சுவாக்கில் சொன்னார். வாடகை படகுக்கும் டீசலுக்குமே சரியாகிவிடுமாம். கூட வரும் வேலையாளுக்குச் சம்பளமென்று எதுவும் கிடையாதாம். இறங்கும்போது வாடகையில் ஐந்தில் ஒரு பங்கை டிப்ஸாக அவன் கையில் வைப்பதுதான் வழக்கமாம். மீன் நிறைய விழுந்தால் இன்னும் கூட்டிக் கொடுப்பார்களாம்.

மாப்பிள்ளை பைக்குள் கையைவிட்டு பஸ் காசை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான். எழுந்து போகலாமென்றால் நாலு எட்டில் படகு முடிந்துவிடுகிறது, அதற்கப்பால் தண்ணீர். அந்த வேலையாளோ தங்கமான மனுஷன். இரை நறுக்கினான், முள்ளில் கோத்துக் கொடுத்தான், தூண்டில் நரம்பில் விழுந்த சிக்கை எடுத்தான், வெயில் படுகிறதென்று தலைக்குமேல் துணிகூடக் கட்டினான். அவன் செய்யச் செய்ய இவன் கழுத்தில் கயிறு இறுகியது.

மீனே பிடிக்காவிட்டால் அவனுக்கு வேலை குறையும், நமக்கும் குற்ற உணர்ச்சி குறையும் என்று ஒரு கணக்குப் போட்டான். தூண்டிலை ஏனோதானோவென்று தொங்கவிட்டான். கூத்தைக் கேளுங்கள், கடலிலிருந்த மீனெல்லாம் வரிசைகட்டி இவனிடமே வந்தது.

“கைராசிண்ணே உங்களுக்கு” என்று அந்த ஆள் சிரித்தான். இவன் அழாத குறை.

மாமனாருக்கு ஒரு பொடி மீன்கூட இல்லை. தண்ணீரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கோபமாகத்தான் இருக்கிறார் என்று மாப்பிள்ளைக்கு அதுவும் சேர்ந்து உறுத்தியது.

படகு கரைக்குத் திரும்பியது. பின்பக்கம் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தவன் அருகில் மாப்பிள்ளை போய்க் குந்தினான்.

“உங்களுக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணுமில்லண்ணே. தெரியாம வந்துட்டேன். இப்பப் படகக் கழுவித் தர்றேன், பணத்த அடுத்த வாரம் கொண்டாந்து தர்றேன். மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

“உங்க மாமா காலையிலேர்ந்து நான் கோத்த இரையெல்லாம் புடுங்கிப் போட்டுட்டு வெறும் முள்ளத் தொங்கவிட்டுட்டு இருக்காரு. ஏன் பெரியவரேன்னு கேட்டா, ‘மீன் விழுந்தா உனக்கு நாந்தானேப்பா குடுக்கணும், மூத்தவன் இருக்க மாப்பிள்ளையா குடுப்பாரு? எங்கிட்ட காசு இல்ல, அவருகிட்ட சொல்லிடாத’ங்கிறாரு. நல்லா வாச்சீங்கப்பா மாமனும் மருமகனும். நடுவுல என் பொழப்பு சிரிப்பா சிரிக்குது.”

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். மாமனார் சட்டென்று வானத்தைப் பார்த்தார்.

கரையில் படகைக் கட்டியதும் மாப்பிள்ளை பிரஷ்ஷை எடுத்துத் தரையைத் தேய்க்க ஆரம்பித்தான். இறங்கப்போன மாமனார் நின்றார், வேட்டியை மடித்துக் கட்டினார்.

“வாளிய இப்படிக் குடுங்க மாப்பிள்ளை. நீங்க தேய்ங்க, நான் ஊத்துறேன்.”

அடுத்த வாரம் அந்த ஆளுக்குச் சேரவேண்டியது வந்து சேர்ந்தது. கொண்டுபோனவர்கள் இரண்டு பேர், பஸ்ஸில் ஒரே சீட்டில்.

உங்கள் வீட்டுச் சட்டைப்பை காலியாகிற நாளிலும் அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும். உங்களுக்காக உழைக்கிற கை வெறுங்கையாகத் திரும்பாத அளவுக்கு உங்கள் குடும்பம் செழித்திருக்கட்டும், என் செல்வங்களே.