வலது பெட்டியில் ஒரு மணி

மைத்துனன் வீட்டில் சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கப் போகிறார்கள். அதனால் அவன் அந்தப் பழைய ஸ்டீரியோ செட்டை வண்டியில் ஏற்றிவந்து அக்கா வீட்டில் இறக்கிவிட்டான்.

"மாமா, உங்க மொத சம்சாரத்தக் கொண்டாந்து விட்டுட்டேன். இனிமே நீங்களாச்சு, அக்காவாச்சு" என்றவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினான். நின்றால் அக்கா திருப்பி ஏற்றச் சொல்லிவிடுவாள் என்ற பயம்தான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. கல்யாணத்துக்கு முன் மாமா வாடகை அறையில் இருந்தபோது, கட்டில் வாங்கச் சேர்த்ததில் வாங்கிய செட் அது. அவர் தரையில் படுத்தார். ஸ்பீக்கர் பெட்டிகள் தேக்குப் பீடத்தில் நின்றன. பார்க்க வரும் நண்பர்கள் செருப்போடு பேச்சையும் வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். இரண்டு பெட்டிக்கும் எதிரே, சரியாக நடுவில், ஒரே ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தால் பாடுகிறவள் கண்ணெதிரே வந்து நிற்பாள். ஒரு சாண் நகர்ந்தாலும் கோபித்துக்கொண்டு ஏதாவதொரு பெட்டிக்குள் போய்விடுவாள்.

ஒரு இசைத்தட்டில், பாட்டு ஆரம்பிக்கும் முன், வலது பெட்டியில் ஒரு சின்ன மணி அடிக்கும். கொசு தும்மினால் எப்படியிருக்கும், அந்த அளவுக்கு. ஊரில் வேறு எந்த செட்டிலும் அது கேட்காது என்பது அவருடைய கட்சி. நண்பர்களை வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்து, "கேட்டுச்சா? கேட்டுச்சா?" என்று கழுத்தறுப்பார். கேட்கவில்லை என்பவனுக்கு டீ கிடையாது. அதனால் எல்லோருக்கும் கேட்டது. அவருக்கு 'செட்டு' என்று பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. மகள் பிறந்து தொட்டிலுக்கு இடம் தேவைப்பட்டபோது செட் மைத்துனன் வீட்டுக்குப் போனது. பெயர் மட்டும் போகவில்லை.

இப்போது மகள் கல்யாணமாகித் தொலைதூரத்தில் இருந்தாள். செட்டுக்கு இடம் இருக்கிறது என்று அவர் சொன்னார். இல்லை என்று அடுக்குமாடி வீடு சொன்னது. பெட்டிகளை நிறுத்தியபின் கூடத்தில் ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது. பால்கனிக் கதவு பாதிதான் திறந்தது. மனைவி துணி காயப்போட நண்டுபோலப் பக்கவாட்டில் போய்வந்தாள்.

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். மணி கேட்கவில்லை.

இசைத்தட்டைத் துடைத்தார். புது முள் மாற்றினார். வயர்களைக் கழற்றி வலதை இடதாக்கினார். மணி இடது பக்கம் வந்திருக்கவேண்டும், அங்கும் வரவில்லை. மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"என்னடா பண்ணித் தொலைச்ச என் ஸ்பீக்கர?"

"மாமா, சத்தியமா அதுல பாட்டே போட்டதில்ல. ஈரத்துண்டுதான் காயப்போட்டோம்."

"நல்லாத்தானே கேக்குது, இதுக்கு ஏன் அவன்கிட்ட மல்லுக்கு நிக்கிறீங்க?" என்றாள் மனைவி அடுக்களையிலிருந்து.

"உனக்கு என்ன தெரியும்?" என்றார் அவர்.

இதில் வேடிக்கை, அவருடைய தொழில். அவர் காது பரிசோதனை செய்பவர். அலமாரி அளவுள்ள, சத்தம் புகாத கண்ணாடிப் பெட்டி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கனத்த கதவைச் சாத்திவிட்டு, வெளியிலிருந்து 'பீப்' அனுப்புவார். கேட்டால் உள்ளிருப்பவர் பொத்தானை அழுத்தவேண்டும். பிறருடைய காதைப் பற்றித் தினமும் தீர்ப்புச் சொல்கிறவருக்கு, தன் தலையின் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை.

மறுநாள் வந்த ஒரு பெரியவர், "என் காது கல்லுமாதிரி நல்லாத்தான் இருக்கு தம்பி. என் வீட்டுக்காரிதான் வாய்க்குள்ளயே பேசுறா. அவள டெஸ்ட் பண்ணுங்க" என்றார். வழக்கமாக இப்படி யாராவது சொன்னால், அவர் போனபிறகு செட்டும், பக்கத்து மேசையில் காதுமெஷின் விற்பவரும் சேர்ந்து சிரிப்பார்கள். அன்று விற்பவர் தனியாகச் சிரிக்கவேண்டியதாயிற்று.

"எனக்கு ஒரு தடவ பாத்துருப்பா" என்றார் செட்டு.

"எதுக்குண்ணே? உங்களுக்கா?"

"சும்மாதான். ஸ்பீக்கர்ல கோளாறுன்னு உறுதிப்படுத்திக்கணும்."

உள்ளே போய் உட்கார்ந்தார். கதவு மூடியது. இத்தனை வருடம் எத்தனையோ பேரை அடைத்த பெட்டிக்குள் ஒரு நாளும் அவர் உட்கார்ந்ததில்லை. கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே இல்லை என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. தன் மூச்சு தனக்கே இரைந்தது. ஸ்பீக்கர் கெட்டிருந்தால் வேறு வாங்கிப் போடலாம். இது கெட்டிருந்தால்? மேற்கொண்டு யோசிக்க அவருக்குப் பிடிக்கவில்லை.

கீழ்ச்சத்தங்கள் வந்தன, அழுத்தினார். நடுச்சத்தங்கள் வந்தன, அழுத்தினார். பிறகு ஒன்றும் வரவில்லை. ஆனால் எந்த இடைவெளியில் வரும் என்பது அவருக்குக் கைவந்த கணக்கு. தாளம் தப்பாமல் அழுத்திக்கொண்டே போனார். உச்சஸ்தாயி முழுக்கத் தேறிவிட்டோம் என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

ஹெட்போனில் விற்பவரின் குரல் கேட்டது. "அண்ணே, நான் இன்னும் டீதான் குடிச்சிட்டிருக்கேன். ஒண்ணுமே அனுப்பல."

செட்டு பொத்தானைப் பார்த்தார். கட்டைவிரல் இன்னும் அதன்மேல்தான் இருந்தது.

அடுத்த முறை நேர்மையாக அழுத்தினார். அதாவது, பெரும்பாலும் சும்மா இருந்தார். விற்பவர் கதவைத் திறந்தபோது கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணே, பேச்சுக்கு மெஷின் உதவும். ஆனா அந்த மேல் சத்தம்..."

"போனது போனதுதான். நான் பாதி ஊருக்குச் சொன்ன வசனம்டா அது. எங்கிட்டயே ஒப்பிக்காத."

வீட்டுக்குப் போய் இசைத்தட்டைப் போட்டார். மனைவி பக்கவாட்டில் நகர்ந்து வந்தபோது தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். அவள் அதில் உட்கார்ந்ததே இல்லை. இத்தனை வருடத்தில் அவர் உட்காரச் சொன்னதும் இல்லை.

"அடுப்புல பால் இருக்கு, விடுங்க."

"ஒரே நிமிஷம். வலது பக்கம் கவனி."

முள் இறங்கியது.

"ஆமா, மணி. டிங்னு. அதுக்கென்ன இப்ப?"

அவர் சுவரில் சாய்ந்தார்.

"மணிய விடுங்க" என்றாள் அவள். "அது அடிச்சதும் அந்தப் பொண்ணு மூச்ச உள்ள இழுக்குறா பாருங்க. பயந்துபோய் இருக்கா, பாவம். மொத பாட்டோ என்னமோ."

"மூச்சா?"

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. மணி அடித்த மறுகணமே "கேட்டுச்சா?" என்று அவர் கத்திய அத்தனை தடவையும், அந்த மூச்சு அவர் சத்தத்துக்கு அடியில்தான் போயிருக்கவேண்டும். காது நன்றாக இருந்த காலத்திலும் அதைக் கேட்டதில்லை. இனி கேட்கவும் வழியில்லை.

"இன்னொரு தடவ போடுறேன். மூச்சு எப்படியிருக்குன்னு சொல்லு."

"பால் பொங்குதுங்க!"

அவள் எழுந்தாள். அவர் இரண்டு பெட்டிக்கும் இடையே நின்றுகொண்டிருந்தார்; அவரைத் தாண்டி அடுக்களைக்குப் போக வழி ஏது? முள்ளை எடுத்து ஆரம்பத்தில் வைத்தார். அவள் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"சின்னதா..." என்று தொடங்கினாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றார் செட்டு.