அவளுக்காகச் சொன்ன பதில்

மருத்துவமனை தந்தவற்றுள் ஆகச் சிறிய சட்டையும் நீக்கிலாசுக்குப் பெரிதாயிருந்தது. விரல்கள் வெளியே தெரியும்படி றொபேட் கை நுனிகளை மடித்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் உயிரோடு இருந்தவரை பிள்ளைக்கு உடுப்புத் தேவைப்படவில்லை.

கட்டிலின் மறுபுறம் தர்ஷனா மகனின் காலுறையைச் சரிசெய்தாள். காலையில் டொக்டர் வந்துபோனதிலிருந்து கணவனும் மனைவியும் பேசவில்லை.

பிள்ளை ஏன் அவ்வளவு சிறுத்து, மூச்செடுக்கவும் பலமின்றிப் பிறந்தான் என்பதற்கு இதுதான் காரணம் என்று டொக்டர் அறுதியிடவில்லை. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யவில்லை என்றார். வயிற்றில் பிள்ளை இருந்தபோது தாய் புகைத்ததுண்டா என்று கேட்டார். றொபேட் உடனே 'நய்' என்று மறுத்தான். தர்ஷனாவுக்கு டெனிஷ் போதாது. இத்தகைய இடங்களில் அவனே அவளுக்கு வாய். அவள் பிள்ளைத்தாச்சியாய் இருந்தபோது முதன்முதல் மருத்துவிச்சி இதைக் கேட்டபோதும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவளிடம் இதையெல்லாம் கேட்பதா என்று, அவள் பக்கம் திரும்பாமலே மறுத்திருந்தான். மருத்துவிச்சி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

இன்று தர்ஷனா நிமிர்ந்து, டொக்டரைப் பார்த்து, 'யா' என்றாள்.

"எப்ப தொட்டு?" என்று றொபேட் இப்போதுதான் கேட்டான்.

"மீன் பக்டரிக்குப் போகத் தொடங்கினாப் பிறகு. பிரேக்குக்கு வெளியிலை போய் நிண்டால்தான் அங்கை ஆரும் என்னோடை கதைப்பினம்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"விடப் பாத்தனான். தனிய ஏலாமப் போச்சு." காலுறையிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. "அண்டைக்கு அந்த மருத்துவிச்சி மனிசி கேட்டவ. நீங்கள்தான் என்னட்டைக் கேக்கேல்லை."

கதவைத் தள்ளிக்கொண்டு அவனுடைய அக்கா பிரியந்தி வந்தாள். கோல்டிங் நகரச் சேமக்காலையில் அடக்கத்துக்கு ஃபாதர் காத்திருப்பதையும், தர்ஷனா பச்சை உடம்புக்காரி என்பதால் வீட்டில் நிற்பதே முறை என்பதையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"டொக்டர் என்னவாம்? ஏனெண்டு தெரிஞ்சுதோ?"

தர்ஷனா சுவரைப் பார்த்தாள்.

"உறுதியாச் சொல்லேலாதாம்" என்றான் றொபேட். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று.

அடக்கச் சேவைக்காரர் வெள்ளைப் பெட்டியுடன் வந்தார். பிள்ளையைக் கிடத்தி மூடியானதும், தாயும் வருகிறாரா, காரில் பெட்டியை யார் வைத்திருப்பது என்று தாழ்ந்த குரலில் டெனிஷில் கேட்டார். பிரியந்தி தலையசைத்து மறுக்கத் தொடங்கினாள்.

"பொறு அக்கா" என்றான் றொபேட். மனைவி பக்கம் திரும்பினான். "பெட்டியை ஆர் வச்சிருக்கிறதெண்டு கேக்கிறார். நீர் வாறீரோ எண்டும் கேக்கிறார்."

அவள் பெட்டியின் மூடியில் கை வைத்தாள். அவன் காத்திருந்தான்.

"வாறன். என்ரை மடியிலை வையுங்கோ."

ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல், அவன் அதை டெனிஷில் சொன்னான்.

காரில் ஏறியபின் பெட்டி அவள் மடியையும் நிறைக்கவில்லை. றொபேட் ஆசனப் பட்டியை நீள இழுத்து, அவளையும் பெட்டியையும் சேர்த்துப் பூட்டினான். பூட்டு விழுந்த சத்தம் கேட்டது. ஆனாலும் பட்டியை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.