நிறைவுப் பிரார்த்தனை

சபையின் சமாதானக் குழு மொத்தம் ஏழு முறை கூடியது. முதல் கூட்டம் குழுவுக்குப் பெயர் வைக்கவே சரியாகப் போயிற்று. லிஃப்ட் மெக்கானிக் பத்து வயதில் சபையின் பாட்டு வாத்தியாரிடம் அனுபவித்ததைக் குறிப்பேட்டில் என்னவென்று எழுதுவது என இரண்டாவது கூட்டத்தில் விவாதித்தார்கள். ‘பழைய மனவருத்தம்’ என்று முடிவாயிற்று. செயலாளருக்கு அந்தச் சொல் ரொம்பவும் பிடித்துப்போய், இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார்.

மெக்கானிக்குக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. வாத்தியார் செத்துப்போய், சபைக் கூடத்துச் சுவரில் படமாகக் கண்ணாடிக்குள்ளிருந்து சிரிக்கிறார். அவரை வேலைக்கு வைத்திருந்த சபையின் மேல்தான் இனி நஷ்டஈடு கேட்க முடியும்; இந்த மாதிரி வழக்கை இருபத்தொரு வயதுக்குள் போட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அந்த வயதில் அவனால் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. போன வருடம்தான், காலம் கடந்தவர்களும் வழக்குப் போடலாம் என்று ஓராண்டுக்கு மட்டும் வழிவிட்டார்கள்.

“லிஃப்ட் கதவுக்கு நடுவுல கைய விட்டா திரும்பத் தொறக்கும்ல? இது தொறக்காது சார்,” என்றார் வக்கீலம்மா. “வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான். மனு ரெடி. நீங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்.”

ஆனால் குழு முடிவு சொல்லும் முன் சபைக்காரன் கோர்ட் படி ஏறக்கூடாது. ஏறினால் குடும்பத்தையே விலக்கிவிடுவார்கள்.

“எனக்கு எழுபத்தெட்டு வயசுடா,” என்றாள் அம்மா. “நாளைக்கு என்னைத் தூக்க நாலு பேர் வேணாமா?”

“நாலு பேர்தானே? நான் கூலிக்குப் பிடிச்சுத் தர்றேன்,” என்றாள் அக்கா.

“உன் நாக்குல தீய வைக்க.”

“வைம்மா. அந்த வாத்தியார் வாயில வச்சிருந்தா புண்ணியமாப் போயிருக்கும்.”

ஏழாவது கூட்டம் அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. “மூன்றரைக்கு முடிவு சொல்லிடுவோம். கோர்ட்டு ரெண்டு தெரு தள்ளித்தானே தம்பி?” என்று செயலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அக்கா மனுவோடு கோர்ட் வாசலில் போய் நின்றுகொண்டாள்.

முந்தைய ஆறு கூட்டங்களின் குறிப்பும் வாசிக்கப்பட்டது. டீ வந்தது. டீக்கு நன்றி சொல்லப்பட்டது. நாலே காலுக்குச் செயலாளர் தீர்ப்பை வாசித்தார்: குழு வருந்துகிறது, கோர்ட்டுக்குப் போவது அவரவர் மனசாட்சி, யாரும் விலக்கப்பட மாட்டார்கள்.

மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்தான்.

“நிறைவுப் பிரார்த்தனை முடியட்டும் தம்பி.”

எல்லோரும் நின்று கண்ணை மூடினார்கள். முடிந்தது என்று சொல்லும்வரை சபையில் யாரும் கண் திறப்பதில்லை, அசைவதில்லை. மூன்று நிமிட வேலை. அன்று செயலாளர் ஆள்பவர்களில் தொடங்கினார். நோயாளிகள், விதவைகள், கடலில் போகிறவர்கள், தரையில் போகிறவர்கள், சபைக் கட்டிடத்தின் ஒழுகும் கூரை என்று ஒன்றையும் விடவில்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அக்காதான். நின்றது. மறுபடி அதிர்ந்தது.

இருபது மாடிப் பள்ளத்தின் விளிம்பில் நின்று டீ குடிக்கிறவன் அவன். இப்போது கால் நகரவில்லை. இந்த வழக்கத்தை அவனுக்குப் பழக்கியவர் பாட்டு வாத்தியார், இதே கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில். ‘நான் சொல்ற வரைக்கும் கண்ணத் தொறக்கக்கூடாது.’ அன்று அவன் திறக்கவில்லை.

மூன்றாவது முறை போன் அதிர்ந்து அடங்கியபோது திறந்தான்.

எதிரே செயலாளர் அநாதைக் குழந்தைகளுக்காக உருகிக்கொண்டிருந்தார். கண்கள் நன்றாகத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மணி ஐந்தைத் தாண்டி நாலு நிமிடம். அவன் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று மூடிக்கொண்டு, அடுத்த வாக்கியத்திலேயே பிரார்த்தனையை முடித்தார்.

வாசலுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டான்.

“சாத்திட்டாங்கடா. கெஞ்சிப் பாத்தேன்.”

“கண்ண மூடிக்கிட்டு நின்னுட்டேன்க்கா.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“அங்கயே நில்லு. நான் வர்றேன்,” என்றாள்.

பின்னால் செருப்புச் சத்தம். செயலாளர் வேகமாக வந்தார், கையில் சபை முத்திரை குத்திய காகிதம்.

“கோர்ட்டுக்குப் போக அனுமதிக் கடிதம், தம்பி. மறந்துட்டுப் போறீங்களே.”

அவன் அதை, சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தபடியே, குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.