கறுப்பு ஷூவின் குதி

...மாதத்துக்கு இரண்டு தடவை குதி தேய்கிற அளவுக்கு அப்படி எங்கேதான் நடக்கிறாள் இந்த நர்ஸ், ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் காலே இல்லையா, என்று அந்தக் கறுப்பு ஷூவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் செருப்புத் தைப்பவரின் மனைவி. அவர் தோல் வாங்கப் போயிருந்தார், பட்டறையில் பசை வாசனையும் இவளும்தான்... "அக்கா, அண்ணன்கிட்ட வழக்கம்போலன்னு மட்டும் சொல்லுங்க, அவருக்குப் புரியும்" என்று சிரித்துவிட்டுப் போனாளே, அண்ணனாம் அண்ணன், அது என்ன எனக்குத் தெரியாத வழக்கம்... அவள் படியேறினாலே இவர் முகம் மலர்ந்துவிடும், தன்னிடம் மட்டும் 'சாப்பாடு ஆச்சா'வோடு பேச்சு தீர்ந்துபோகும், மூன்றாவது பிரசவத்தில் பிழைத்ததே பெரிது, இன்னொன்று தாங்காது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர் படுக்கைகூட இந்தப் பட்டறையில்தான்... உள்ளே கடிதம் இருக்குமோ, இருக்கும், உளி நுனியால் குதியை நெம்பினாள், மூடிபோலக் கழன்று வந்தது, குடைந்த பள்ளத்தில் கடிதம் இல்லை, காகிதத்தில் மடித்த வெள்ளை மாத்திரைகள், அரசாங்கம் சுவருக்குச் சுவர் படம் போட்டு எச்சரித்த அதே கருத்தடை மாத்திரைகள், கையில் இருந்தாலே ஏழு வருஷம் உள்ளே.

அப்படியானால் கைக்குழந்தையோடு வந்து, தைத்த செருப்பைக் காலில் போடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு போன பெண்களெல்லாம்... பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், வயிறு மட்டும் இன்னும் எரிந்தது, கள்ள உறவென்றால் வாசலில் நின்று கத்தியிருக்கலாம், இதற்கு யாரிடம் போய்க் கத்துவது, உயிரையே அவளிடம் ஒப்படைத்திருக்கிறார், ஊருக்கெல்லாம் கொடுத்த மனுஷனுக்கு என் ஞாபகம் மட்டும் வரவில்லையா... "யாரும்மா உள்ள, அந்த நர்ஸ் இங்க வந்தாளா?" என்று வாசலில் போலீஸ்காரர், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தச் சிரிப்பு அத்தோடு ஒழியும், வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது, கை மட்டும் மாத்திரைப் பொட்டலத்தை முந்தானைக்குள் தள்ளியது... "நர்ஸா? இங்க யாரும் வரலீங்களே."

"அது யாரு ஷூ?"

"என்னோடதுதாங்க, குதி கழண்டுடுச்சு."

போலீஸ்காரர் போய்விட்டார், பொய் சொன்னது யாருக்காக, தன் வீட்டுக்காரருக்காகவா, அந்தப் பெண்களுக்காகவா, பொட்டலத்தைத் திரும்ப வைத்துக் குதியை அழுத்திப் பொருத்தும்போது போன வருஷம் நினைவுக்கு வந்தது, இதே மாத்திரைக்காக ஊர் மருத்துவச்சியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன அன்று, சோறு போட்டுக்கொண்டே "நல்லா வேணும் அவளுக்கு" என்று தான் சொன்னதும், அவர் கை தட்டிலேயே ஒரு நிமிஷம் நின்றதும்... தெருவில் அவர் செருப்புச் சத்தம், எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொன்னால் அவர் முகத்தில் முதலில் என்ன வரும்... என்னைப் பார்த்துப் பயம்தானோ.