நவநாள் பெட்டியில் போட்ட நன்றி

அப்பாவுக்கு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. 1998 ஜனவரியில், பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், ஃபேக்டரியில் லேத் மெஷின் பக்கத்திலேயே விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒன்றாகப் போயின. மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஜோகுபாளையம் வீட்டுக்கு வந்தபோது "சரி" என்று மட்டும் சொன்னார். கஞ்சி வேண்டுமா என்றாலும் சரி, வேண்டாமா என்றாலும் சரி. வலித்தால் சத்தமாகச் சரி.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு வீட்டில் இருந்தேன். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். தெரிந்த பதிலாக இருந்தாலும் வராது. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். அதனால் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும், கோவிலுக்கு மன்றாட்டுக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

ஜூலை முதல் வாரத்தில் கிளாரன்ஸ் சார் வீட்டுக்கு வந்தார். அப்பா வேலை செய்த கம்பெனியில் பர்சனல் ஆபீசர், ஆட்களின் லீவு, சம்பளக் கணக்கெல்லாம் பார்ப்பவர். எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்தவர். புதன்கிழமை தோறும் நடக்கும் மாதா நவநாள் ஜெபத்தில், கோவில் பெட்டியில் ஜனங்கள் போடும் மன்றாட்டு, நன்றிக் கடிதங்களை மைக்கில் வாசிப்பவரும் அவர்தான். அம்மா காபி போட உள்ளே போனதும் பையிலிருந்து ஒரு ஃபாரத்தை எடுத்தார்.

கம்பெனி ஆட்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். ஆள் செத்தால்தான் அது வரும் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை என்றார் கிளாரன்ஸ் சார். உயிரோடு இருந்து, இனிமேல் எந்த வேலையும் செய்ய முடியாது என்று உறுதியானாலும் அதே தொகை வரும். அதற்கு விழுந்து ஆறு மாதம் முடிந்திருக்க வேண்டும். டாக்டர் எழுத வேண்டும், வீட்டார் எழுத வேண்டும், கம்பெனியும் தனக்குத் தெரிந்தவரை முன்னேற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் ஆள் கம்பெனிக் கணக்கில் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். அப்பாவுக்கு லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. ஜூலை முப்பத்தொன்றாம் தேதி பெயரை எடுத்துவிடுவார்கள். அன்றைக்கு மாலையோடு இன்சூரன்சும் முடிந்துவிடும்.

அந்தத் தொகை அப்பாவின் இரண்டு வருஷச் சம்பளத்துக்கு மேலே. வீட்டு ஓனர் வாடகைக்காக ஏற்கனவே இரண்டு முறை வாசலில் நின்று இருமிவிட்டுப் போயிருந்தார்.

வீட்டார் எழுதும் தாளை மட்டும் தமிழில் எழுதலாம் என்று கிளாரன்ஸ் சார் சொன்னார். ஒரு நாளில் அப்பாவால் என்னென்ன முடியவில்லை என்று உள்ளபடி எழுதச் சொன்னார். நான் எழுதினேன். படுக்கையில் புரட்ட இரண்டு பேர் வேண்டும் என்று எழுதினேன். விழுங்கும்போது பாதி வெளியே வழிகிறது, சொந்த மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை என்று எழுதினேன். கடைசி வரி, 'இவர் இனி எழுந்து நடக்க மாட்டார், எந்த வேலைக்கும் போக மாட்டார்.' அம்மா அடுப்பிலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு, காட்டிய இடத்தில் 'பெர்னதெத்' என்று கையெழுத்துப் போட்டாள். அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நான் வாசித்துக் காட்டவில்லை. வாசித்திருக்க வேண்டும்.

அதற்கடுத்த வாரம் பின்வீட்டுச் சின்னத்தாயி அக்கா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள், ஆனால் புதன்கிழமை தவறாமல் மாதா கோவிலுக்கும் வருவாள். ஆறு மாதமாக மன்றாட்டே எழுதிப் போடுகிறாயே, ஒரு தடவையாவது நன்றி எழுதினாயா என்று கேட்டாள். நடந்த பிறகுதானே நன்றி என்றாள் அம்மா.

"வீட்டு ஓனருக்குப் பத்து மாச அட்வான்ஸ் குடுத்துட்டுத்தானே உள்ளே வந்தே? மாதாவுக்கும் அட்வான்ஸ் குடு பெர்னதெத்து. நடந்துட்டாருன்னு எழுதிப் போடு, அவளுக்கே வெக்கமாயி நடக்க வெப்பா."

இப்படி எழுதுவது எங்கள் தெருவில் வழக்கம்தான். குழந்தை பிறக்கும் முன்னே பிறந்ததற்கு நன்றி, விசா வரும் முன்னே வந்ததற்கு நன்றி என்று நானே பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்று மாலை அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். 'பக்கவாதத்தில் விழுந்த என் கணவர் ஆம்ப்ரோஸ் மாதாவின் அருளால் எழுந்து நடக்கிறார், வலது கையால் சாப்பிடுகிறார், விரைவில் வேலைக்குத் திரும்புவார். கோடி நன்றி.' அம்மா கீழே கையெழுத்துப் போட்டு, மடித்து, பெட்டியில் போட்டாள். அதை வாசிக்கப்போவது யார் என்று எனக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை கிளாரன்ஸ் சார் மைக்கில் அதை வாசித்தார். அப்பா பெயர் வந்ததும் குரல் ஒரு நொடி நின்றது. பிறகு முழுவதும் வாசித்தார். ஜனங்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா அழுதாள்.

சனிக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தார். அவர் வருவது தெரிந்து அம்மா அப்பாவுக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை மாட்டி, நானும் அவளுமாகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, சரியாமல் இருக்க இடுப்பில் புடவையைச் சுற்றிக் கட்டி, மேலே துண்டு போட்டு மறைத்திருந்தாள். பார்க்க வருகிறவரிடம் மோசமாக இருக்கிறார் என்று சொல்வது எங்கள் வீட்டில் கிடையாது.

"நல்லா இருக்காரு சார். முந்தாநாள் ரெண்டு அடி வெச்சாரு."

நாங்கள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இழுத்ததில் கால் தரையில் இரண்டு முறை பட்டது. அதைத்தான் சொன்னாள்.

"ஆம்ப்ரோஸ், நடக்கறியாப்பா?"

"சரி," என்றார் அப்பா.

"நடக்கலையா?"

"சரி."

கிளாரன்ஸ் சார் பையிலிருந்து இன்சூரன்சுக்கு எழுதிய தாளையும் பெட்டியில் போட்ட நன்றிக் கடிதத்தையும் எடுத்து அருகருகே வைத்தார். ஒரே எழுத்து. ஒரே சுழி. என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். எது உண்மை என்று கேட்டு, முதல் தாளை அவரே வாசித்தார். இரண்டு பேர் புரட்டுவது, வழிவது, பெயர் சொல்ல முடியாதது, கடைசி வரி. அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சுதான் போயிற்று, காது போகவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இதை நீயா எழுதுனே? அவரு இங்கே இருக்கும்போதே?"



முன்னேற்றம் இல்லை என்று தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் கிளாரன்ஸ் சார். ஆனால் அப்பா நடக்கிறார் என்று போன புதன்கிழமை கோவிலில் தன் வாயாலேயே வாசித்திருக்கிறார், இன்று மனைவியும் அதையே சொல்கிறாள். டாக்டர் வேறு, சிலருக்குக் கொஞ்சம் தேறலாம் என்று ஒரு வரி போட்டிருக்கிறார். கோவிலில் அப்படி வாசித்துவிட்டு ஆபீசில் இப்படிக் கையெழுத்துப் போட்டால் தானும் பொய்யனாகிவிடுவார். ஒன்றே ஒன்று செய்யலாம். நன்றிக் கடிதத்தில் எழுதியது நடக்கவில்லை, வேண்டுதலாகத்தான் எழுதினேன் என்று அம்மா ஒரு வரியில் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் நாலரை மணி வரை ஆபீசில் இருப்பேன் என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்காமல் போனார்.

அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், துணி எடுத்துத் தருவாள், பேச மாட்டாள். சின்னத்தாயி அக்காகூட, ஒரு வரிதானே, போட்டுவிடு என்று சொல்லிப் பார்த்தாள். மாதாவுக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கினால் அவர் எழுந்திருக்கவே மாட்டார், கையெழுத்துப் போட்டுப் படுக்க வைத்தவள் நானாகிவிடுவேன் என்று அம்மா அவளிடம் சொன்னது சுவர் வழியாக எனக்குக் கேட்டது.

முப்பத்தொன்று வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு அம்மா புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். நானும் செருப்பை மாட்டினேன். சின்னத்தாயி அக்கா அப்பாவிடம் உட்கார்ந்தாள். பஸ் ஏறினோம். ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேன், "ஸ்வல்ப இரும்மா" என்று கன்னடம் கலந்து எங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்லி, உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

கிளாரன்ஸ் சார் அந்த ஒரு வரியைத் தமிழில் தானே எழுதி வைத்திருந்தார். அம்மா பேனாவை வாங்கினாள். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். 'பெர்ன' வரை எழுதினாள். அங்கே பேனா நின்றது.

"டீனா, ரெண்டையும் எழுதுனவ நீதானே. நீ சொல்லு. எந்திரிப்பாரா, மாட்டாரா?"

மாட்டார் என்று சொன்னால் போதும். அம்மா மீதியை எழுதியிருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதைத் தாளில் நான் தயங்காமல் எழுதியிருந்தேன். வாயைத் திறந்தேன். மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன். அதற்குள்ளே ஒரு நீலப் பூ இருந்தது. கிளாரன்ஸ் சார், "சொல்லும்மா, பரவால்ல" என்றார். வெளியே மாமரத்தடியில் யாரோ சைக்கிளை ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டது. என்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

"பாத்தீங்களா சார், அவளுக்கே சொல்ல வரல." அம்மா பேனாவை மூடி மேசையில் வைத்தாள். நாலரை மணிக்கு ஷிப்ட் முடியும் சைரன் ஊதியது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கஞ்சி கரைத்தாள். அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டே, கையெழுத்துப் போடவில்லை என்று சொன்னாள். அப்பா அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சரி" என்றார். அம்மா அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை அம்மா ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். பதினேழு நாளுக்குப் பிறகு, வீட்டில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை "எழுது" என்பதுதான். போன முறை சொன்னதையே சொன்னாள். எழுந்து நடக்கிறார், வலது கையால் சாப்பிடுகிறார், கோடி நன்றி. நானும் எழுதினேன். கிளாரன்ஸ் சாருக்கு அடையாளம் தெரியக் கூடாது என்று இந்த முறை அப்பா பெயரை விட்டு 'என் கணவர்' என்று மட்டும் போட்டு, எழுத்தை இடது பக்கம் சாய்த்து எழுதினேன்.