பாறை என்று சொன்ன இடம்

தூக்கிய கை தூக்கியபடியே நிற்கிறது, பக்கெட்டின் பல் இடுக்குகளிலிருந்து காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்கிறது, கீழே மஞ்சணத்தியாற்றின் நடுமணலில் சுண்ணாம்பால் போட்ட பெரிய வட்டம், வட்டத்தைச் சுற்றி நாற்பது பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லார் கண்ணும் பொக்லைன் மேலேயே இருக்க, உள்ளே லீவரைப் பிடித்திருக்கும் சொள்ளமுத்துவுக்கு மட்டும் வட்டத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, எதற்குப் பார்க்க வேண்டும், அதற்குள் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு மனப்பாடம், மேலே நாலடிக்கு மணல், அதற்குக் கீழே குளத்து வண்டலும் சூளையில் உடைந்த செங்கலும், அங்கே கிணறு வெட்டி உறை இறக்கினால் வெள்ளத் தண்ணீர் பூமிக்குள் போகவே போகாது, சட்டியில் ஊற்றியது போலத் தேங்கி நின்று வெயிலில் வற்றிப் போகும், இது இந்த ஊரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், ஏனென்றால் அந்த வண்டலைக் கொட்டியவன் அவன், அதற்கு முன் அங்கிருந்த மணலை வாரியவனும் அவன்தான்.

பத்து வருஷம் இருக்கும், இல்லை, கொஞ்சம் கூடவே இருக்கும், அப்போது ஆற்றுக்குள் நாலு பொக்லைன்கள் நின்றன, பட்டப்பகலில் டிப்பர்கள் வரிசை கட்டி வந்தன, ஊரில் பாதிப்பேருக்கு அந்த மணலில்தான் பிழைப்பு, அதனால் யார் எங்கே தோண்டினார்கள் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை, சொள்ளமுத்துவின் கை சுத்தம் என்று காண்டிராக்டர் மெச்சிக்கொள்வார், ஒரு பிடி மணல் சிந்தாமல் அள்ளிவிடுவான், மணல் தீர்ந்து களிமண் தட்டுப்பட்டதும் பல்லில் ஒரு வழுவழுப்பு தெரியும், அது லீவர் வழியாக உள்ளங்கைக்கு ஏறும், இப்போதுகூடக் கையில் அந்த வழுவழுப்பு இருக்கிறது, முப்பதடிக் குழி, அதை மூடாமல் அப்படியே போட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தான், சொல்லியிருந்தால் மூடியிருப்பான், யாரும் சொல்லவில்லை, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவும் தோன்றவில்லை, அந்த வருஷம் முதல் வெள்ளம் வந்தபோது முழங்கால் அளவுத் தண்ணீர்தான், அக்கரைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த அந்தோணிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எப்போதும் நடக்கிற தடத்தில் நடந்து வந்தார், பாதி ஆற்றில் காணாமல் போனார், மூன்றாம் நாள்தான் கிடைத்தார், அடக்கத்துக்கு மறுநாள் அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்தது, அதற்குள் ஆற்றில் தண்ணீர் வடிந்திருந்தது, அவர்கள் வருவதற்குள் ஒரே ராத்திரியில் வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் குழியை மூடி மேலே மணலைப் பரப்பிவிட்டான், நன்றாகத்தான் பரப்பினான், கை சுத்தமாயிற்றே, அதிகாரிகள் அதன் மேலேயே நின்று பார்த்துவிட்டு ஆளை வெள்ளம் அடித்துப் போய்விட்டது என்று எழுதிக்கொண்டு போனார்கள், அந்தோணிமுத்துவின் மனைவி மரியபுஷ்பமும் அதையே நம்பினாள்.

அந்த மரியபுஷ்பம்தான் இதோ வட்டத்துக்குப் பக்கத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கிறாள், ஆற்றுக் குழுவுக்கு அவள்தான் தலைவி, இரண்டு வருஷமாக இந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கரை நெடுகச் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினாள், உள்ளங்காலில் முள் ஏறிச் சீழ் வைத்தபோதும் நொண்டிக்கொண்டே வந்தாள், கரை சரியாமலிருக்க வெட்டிவேர் நட்டார்கள், மருதும் நாவலும் புங்கனும் வைத்துக் குடத்தால் தண்ணீர் சுமந்து ஊற்றினார்கள், பிறகு சிமெண்டைக் குழைத்துத் தாங்களே உறைகள் வார்த்தார்கள், கோணல் இல்லாமல் வருவதற்குள் ஏழெட்டு உடைந்து போயின, ஐப்பசி மழைக்கு இன்னும் இருபது நாள், அதற்குள் கிணறு இறங்க வேண்டும், உதவிக்கு வந்த தொண்டு நிறுவனத்தார் இந்த ஒன்று தண்ணீரை உள்ளே வாங்கினால்தான் அடுத்த வருஷம் வருவோம் என்று சொல்லிவிட்டார்கள், அவர்களுடைய இன்ஜினியர் நாலடிக் கம்பியைக் குத்திப் பார்த்துவிட்டு இங்கே மணல் நன்றாக இருக்கிறது என்று வட்டம் போட்டார், கம்பி இன்னும் ஓரடி நீளமாக இருந்திருக்கக் கூடாதா என்று சொள்ளமுத்து மனசுக்குள் அவரைத் திட்டுகிறான், தப்பு தன்னுடையது என்றால் திட்டுவதற்கு யாராவது ஒருவர் வேண்டியிருக்கிறது, நீ ஊர்க்காரன், ஆத்த அறிஞ்சவன், நீயே வந்து வெட்டிக் குடு தம்பி என்று மரியபுஷ்பம்தான் வீடு தேடி வந்து கூப்பிட்டாள், அப்போதே சொல்லியிருக்கலாம், சரிக்கா என்று மட்டும் சொன்னான்.

சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், இங்கே மணல் இல்லை என்றால் வேறு எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வி வரும், அந்தக் கேள்விக்குத்தான் அவன் பயப்படுகிறான், ஊர் எல்லைக்குள் மஞ்சணத்தியாற்றில் மணல் ஆழமாகக் கிடக்கும் இடம் ஒன்றே ஒன்று, அது அவன் வீட்டுக்கு நேர் எதிரே, அன்றைக்குக் காண்டிராக்டர் அங்கே வண்டியை இறக்கச் சொன்னபோது அங்க பாறை அண்ணாச்சி, பல்லு முறிஞ்சிரும் என்றான், காண்டிராக்டர் நம்பினார், ஊரும் நம்பியது, மணலை அள்ளினால் கரையில் இருக்கும் கிணறு வற்றும் என்பது ஊரில் யாருக்கும் தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டே மற்ற இடமெல்லாம் அள்ளினான், இதை நினைக்கும்போது அவனுக்கு அவனையே பிடிக்கவில்லை, வரிசையாக எல்லார் கிணறும் வற்றிய பிறகும் அவன் கிணறு மட்டும் நின்றது, ஆற்றுப் புறம்போக்கில் பாதியை வளைத்துப் போட்ட அவன் வாழைத் தோப்பும் பச்சையாக நின்றது, சித்திரை பிறந்தால் பெண்கள் குடத்தோடு அவன் வாசலுக்கு வருவார்கள், மரியபுஷ்பமும் வருவாள், கயிற்றைப் போட்டு இறைத்து, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு, படியிறங்கும்போது ஒரு தடவை திரும்பி, நீ நல்லாருக்கணும்யா என்று சொல்லிவிட்டுப் போவாள், அவன் மனைவி பூமாரிக்குக் கேட்கக் கேட்கப் பெருமையாக இருக்கும், அவன் காதில் விழாததுபோல வண்டிக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருப்பான், ஒரு கோடை, இரண்டு கோடை, எத்தனை கோடை.

தம்பி, இறக்கு, என்னத்துக்கு யோசிக்க, நல்ல நேரம் போகுது என்கிறாள் மரியபுஷ்பம், அவள் கையில் ஒரு சூடத் தட்டு இருக்கிறது, பக்கத்தில் மாதா படமும் வைத்திருக்கிறாள், யாருக்கும் குறை வரக்கூடாது என்று இரண்டும், அவன் கையை இறக்கவில்லை, இன்ஜினை அணைத்தான், அணைத்ததும் ஆற்றில் அவ்வளவு அமைதி, இறங்கி வந்து அவள் முன்னால் நின்றான். எக்கா, இங்க தோண்ட வேண்டாம்க்கா, கீழ மணலு இல்ல, வண்டல்தான் கெடக்கு, அள்ளுனதும் நான்தான், மூடுனதும் நான்தான். இன்ஜினியர் ஏதோ சொல்ல வந்தார், அவள் அவரைப் பார்க்கவே இல்லை. எப்ப மூடுன என்று கேட்டாள். அந்தோணி அண்ணன அடக்கம் பண்ணுன மறுநா என்றான். பின்னாலிருந்த பெண்களில் முத்துக்கிளி மண்கட்டி ஒன்றை எடுத்து ஓங்கினாள், மரியபுஷ்பம் எட்டி அவள் கையைப் பிடித்து இறக்கினாள், இறக்கிய கையை விடாமல் பிடித்துக்கொண்டே சுண்ணாம்பு வட்டத்தை வெகுநேரம் பார்த்தாள், இத்தனை வருஷம் அதே தடத்தில்தானே விறகும் புல்லும் சுமந்து நடந்திருக்கிறாள், பிறகு அவன் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள். அப்ப மணலு எங்க கெடக்கு. எங்க வீட்டுக்கு எதுத்தாப்ல என்றான். அங்க பாறைல்லா. பாறை இல்லக்கா, நான் சொன்னதுதான் அது.

அவள் முகத்தில் கணக்கு ஒன்று நேராவதை அவன் பார்த்தான், அழுவாள் என்று நினைத்தான், அறைவாள் என்று நினைத்தான், அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதான் ஒங் கெணறு வத்தல என்றாள். நாங்க ஒங் கொலசாமி காக்குதுன்னுல்ல நெனச்சோம், ஒவ்வொரு கொடத்துக்கும் ஒன்னய வாழ்த்திட்டுல்ல போனேன். அவ்வளவுதான், சூடத் தட்டையும் மாதா படத்தையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள், மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள், பழைய குழிகளைத் தாண்டி ஆற்றுக்குள்ளேயே போக முடியாமல் பொக்லைன் கரையேறி எல்லோருக்கும் பின்னால் ஊர்ந்து போனது, மறுபடி ஆற்றில் இறங்குவதற்கு வாழைத் தோப்பின் வழியாகத்தான் தடம் போட வேண்டியிருந்தது, யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை, குலை தள்ளி நின்ற வாழைகளைத் தன் கையாலேயே சாய்த்தான், வாசலில் நின்ற பூமாரி என்ன இது, என்ன இது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், அவளிடம் அன்று சாயங்காலம்தான் எல்லாவற்றையும் சொன்னான், தோண்டத் தோண்ட எட்டடியில் ஈரம், பன்னிரண்டில் ஊற்று, பெண்கள் குலவையிட்டார்கள், உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின, சாய்ந்த வாழைகள் நின்ற இடத்தில் அந்த வாரமே மருதங்கன்றுகள் வைத்தார்கள்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை நன்றாகப் பெய்தது, கிணறு தண்ணீரை மடக் மடக்கென்று வாங்கிக்கொண்டது, தொண்டு நிறுவனத்தார் வந்து பார்த்துவிட்டு அந்த மணலிலேயே இன்னும் நாலு கிணற்றுக்கு இடம் பார்க்கச் சொன்னார்கள், இடம் காட்டக் கூப்பிட்டபோதெல்லாம் அவன் போனான், அங்கே தேவைக்கு மேல் யாரும் அவனிடம் பேசுவதில்லை, பங்குனி போய்ச் சித்திரை பிறந்தது, பூமாரி வழக்கம்போல விடியலில் எழுந்து கிணற்றடியைக் கழுவிவிட்டுக் காத்திருந்தாள், ஒரு குடமும் வரவில்லை, அவரவர் கிணற்றில் தண்ணீர் இருந்தது, இதைவிட நல்ல செய்தி இந்த ஊருக்கு என்ன வேண்டும், ஆனாலும் அவனுக்கு வாசல் வெறிச்சென்று இருந்தது, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒருநாள் மத்தியானம் வெயிலோடு நடந்து மரியபுஷ்பம் வீட்டுக்குப் போய்விட்டான், எதற்கு வந்தோம் என்று வேலியில் நின்றபோது தெரியவில்லை, அவள் இறைத்துக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்த்தாள், என்ன வேணும். தண்ணி வேணும்க்கா. அவள் வாளியைத் தூக்கிக் கிணற்றுச் சுவர்மேல் வைத்தாள், குடிச்சிட்டு வாளியக் கமுத்தி வச்சிட்டுப் போ என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள், கதவைச் சாத்தவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை, அவன் இரண்டு கையையும் சேர்த்து அள்ளி உயர்த்துகிறான், வாய்வரைக்கும் வந்த கை அங்கேயே நிற்கிறது, இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், எல்லாக் கோடையும் அவள் சொன்ன அந்த வாழ்த்துதான், நாக்கு நுனியில் இருக்கிறது, சொல்லத் தனக்கு வாய் இல்லை என்பதும் தெரிகிறது, தூக்கிய கை தூக்கியபடியே நிற்க, விரல் இடுக்குகளிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது, அது தீர்ந்து போவதற்குள் குனிந்து மிச்சத்தைக் குடித்தான்.