மூன்றாவது கட்டம்

முன்னோர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அப்பாவுக்கு மேலே ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அப்பாவின் அப்பா, சிங்காரவேல். அவரை நானே தூக்கி இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். கோபத்தில் கொடுத்தேன். பிறகு திருப்பிக் கேட்கப் போனேன்.

நெய்வேலி டவுன்ஷிப் மெயின் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். எம்.ஏ. வரலாறு. எங்கள் வம்சத்திலேயே முதல் டிகிரி என்பார்கள். அப்பா தங்கராசு சுரங்கத்தில் கான்ட்ராக்ட் லேபர். நான் காலேஜில் சேர்ந்த வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அம்மா தனம், தம்பியோடு திருப்பூரில் இருக்கிறாள். நான் வடலூரில் ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். காலையில் ஒரு பஸ், சாயந்தரம் ஒரு பஸ். நடுவில் ஊரார் பெயர்களை அடித்துத் தள்ளுகிறேன். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, கண்ணீர் அஞ்சலி.

கோபாலகிருஷ்ணன் சார் பதினாறாவது பிளாக்கில் இருந்தார். ரிட்டயர் ஆகப்போகிற இன்ஜினியர். மணிவிழாவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் ஒரு புத்தகம் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று வந்தார். அவருடைய குலவரலாறு. திருநெல்வேலிப் பக்கம் மருதவனம் என்றொரு சின்ன ஜமீன் இருந்ததாம், அதன் நேர் வாரிசு அவராம். அரண்மனை இருந்த இடத்தில் இப்போது வாழை போட்டிருக்கிறார்கள் என்று அவரே சொன்னார். அதனால் என்ன? வரிசையாக ஒரே மாதிரி நிற்கிற குவார்ட்டர்ஸில் முப்பத்தைந்து வருடம் இருந்துவிட்டார். போகும்போதாவது ராஜாவாகப் போக வேண்டாமா?

இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போனேன். பழைய பத்திரம், கோர்ட் வழக்கு நகல் எல்லாம் படித்து, கட்டம் கட்டமாக வம்சப் படம் போட்டேன். முதல் கட்டத்தில் ஜமீன்தார். இரண்டாவதில் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு அரண்மனையை விட்டுப் போன இளைய மகன். நான்காவதில் சாருடைய பூட்டன் சுடலைமுத்து. மூன்றாவது கட்டம் காலி. சுடலைமுத்துவின் அப்பா யார் என்று சொல்ல வேண்டிய தாளைக் கரையான் தின்றிருந்தது.

"ஒரே ஒரு பேருதாம்மா. அது மட்டும் கெடச்சுட்டா போதும்," என்றார் சார்.

"காலியா வுட்டுடலாம் சார். பெயர் தெரியவில்லைன்னு போட்டுக்கலாம். தப்பே இல்ல."

"நல்லாச் சொன்ன. மேல உள்ளது எவன் குடும்பமோ, கீழ உள்ளது எவன் குடும்பமோன்னுல்லா கேப்பான்?"

அவர் மனைவி பார்வதி ஆண்ட்டி காபி கொண்டுவந்தார். "உங்க பக்கம் எதுவரைக்கும் தெரியும் பொற்கொடி?"

"தாத்தா பேரு வரைக்கும் ஆண்ட்டி."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல ஊரே இல்லிங்க. சுரங்கத்துக்குள்ள பூட்டுச்சு."

ஆண்ட்டி சிரித்தார். "ஒரு வகையில நல்லதுதான். உங்களுக்கெல்லாம் இந்தத் தலவலியே இல்ல பாரு."

உங்களுக்கெல்லாம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிந்தது.

மறுநாள் கடையில் மூன்றாவது கட்டத்தில் சிங்காரவேல் என்று அடித்தேன். பண்ணையில் ஏர் ஓட்டிய மனிதர். ஜமீன்தாரின் பேரனாக உட்காரட்டும். இவர்கள் பரம்பரை பரம்பரையாக அவரைக் கும்பிடட்டும். நல்ல வேடிக்கை என்று நினைத்தேன்.

"எங்கம்மா கெடச்சுது?" என்றார் சார்.

"ஒரு பழைய பேப்பர்ல சார். த/பெ சிங்காரவேல்னு இருந்துச்சு."

அது பொய் இல்லை. அப்பாவின் பழைய சுரங்க கேட் பாஸில் அப்படித்தான் இருந்தது. எங்கே அந்தப் பேப்பர், காட்டு என்று கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மணிவிழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மாலையும் கழுத்துமாக சார் மைக்கைப் பிடித்தார். "எங்க சிங்காரவேல் பாட்டையா ஆறடி ஒயரம். வெள்ளைக் குதிரையிலதான் வருவாரு. அவரு வாறாருன்னா தெருநாய்கூடக் கொரைக்காதுன்னு எங்க தாத்தா சொல்லுவாவ."

கைதட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த பட்டுப்புடவை, "சார் மொகத்துலயே அந்தக் களை தெரியுது பாருங்க," என்றது. நான் சிரித்திருக்க வேண்டும். இதைச் சொல்லிச் சிரிக்க அந்த மண்டபத்தில் எனக்கு ஒருத்தர் இல்லை. மண்டபத்துக்கு வெளியேயும் இல்லை. என் தாத்தா உயரமா குள்ளமா என்று எனக்குத் தெரியாது. அவருடைய சிங்காரவேலுக்கு உயரம் இருந்தது, குதிரை இருந்தது, நாய்கள்கூட இருந்தன. என்னுடையவருக்குப் பெயர் மட்டும்தான். அதையும் முந்நூறு பைகளில் போட்டு வீட்டுக்கு வீடு அனுப்பியாயிற்று.

விழா முடிந்த இரண்டாம் நாள் ஒரு திருத்தச் சீட்டு அடிக்க உட்கார்ந்தேன். புத்தகத்தில் ஒட்டிக்கொள்கிற மாதிரி. சிங்காரவேல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர், தங்கராசுவின் தந்தை, விவசாயக் கூலி என்று எழுதினேன். இன்னும் ஒரு வரி அவரைப் பற்றி இருக்கட்டும் என்று அம்மாவுக்குப் போன் போட்டேன். பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"எம்மா, தாத்தா எப்பிடி இருப்பாரு? ஒயரமா?"

"எந்தத் தாத்தாடி?"

"அப்பாவோட அப்பா. சிங்காரவேல்."

"நான் எங்கடி பாத்தேன்? உங்கப்பனுக்கு நாலு வயசு இருக்கச்சொல்லவே பூட்டாராம். அவரு பேரு சிங்காரவேலே இல்லியே. உங்கப்பன் உன்கிட்ட சொல்லல?"

"என்னாம்மா சொல்ற?"

"சிங்காரவேலுங்கறது பண்ணக்காரரு பேருடி. மாடு மேச்சிகினு இருந்த பசங்கள வாத்தியாரு இட்டுகினு போயி ஸ்கூல்ல சேத்தாராம். யாரு வூட்டுப் புள்ளடான்னு கேட்டாராம். இவரு பண்ணையோட பேரச் சொல்லிட்டாரு. அதையே அப்பன் பேருன்னு எழுதிக்கினாங்க. எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"அப்ப நெஜப் பேரு?"

"யாரு கண்டா? தெரிஞ்சவங்கல்லாம் பூட்டாங்க. எதுக்குடி இப்ப, யாருனா கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல."

போனை வைத்தேன். அடித்ததை அழித்தேன். புதிதாக ஒரே வரி: மூன்றாவது கட்டத்தில் உள்ள பெயர் தவறு, பெயர் தெரியவில்லை. முந்நூறு சீட்டுகளை வெட்டி எடுத்துக்கொண்டு பதினாறாவது பிளாக்குக்குப் போனேன்.

வீடு காலியாகிக்கொண்டிருந்தது. ஆண்ட்டி, மகன் சிவக்குமாரோடு முதலிலேயே சென்னைக்குக் கிளம்பிவிட்டாராம். சார் மட்டும் பனியனோடு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து லாரிக்குக் காத்திருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். கேட் பாஸ், என் கோபம், அம்மா சொன்னது, எல்லாம். அவர் கத்தினால் திருப்பிக் கத்த எனக்கு நிறைய இருந்தது. அவர் கத்தவில்லை.

"அப்ப அது யாரு பேரும்மா?"

"யாரோ ஒரு பண்ணக்காரர் பேரு சார். எங்க தாத்தாவும் இல்ல, உங்க பாட்டனும் இல்ல."

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குதிரைன்னு சொன்னேம்லா."

"ஆமா சார்."

"எங்க தாத்தா அப்பிடி ஒண்ணும் சொன்னதில்ல. மைக்கப் புடிச்சதும் வாயில வந்துட்டு. சொன்னப்புறம் கேட்டா எனக்கே ஞாபகம் இருக்கிற மாதிரி இருந்துச்சு."

"அட்ரஸ் லிஸ்ட் எங்கிட்ட இருக்கு சார். நானே எல்லாருக்கும் தபால்ல அனுப்பிடறேன்."

"வேண்டாம்மா. எவனும் அதப் படிக்கல. மூணு பேரு போன் பண்ணாவ. மூணு பேரும் மைசூர்பாகு நல்லாருந்துச்சுன்னாவ. சிவக்குமார் பையப் பிரிக்கவே இல்ல."

ஒரு சீட்டை மட்டும் நான்காக மடித்து வைத்துக்கொண்டார். "உங்க தாத்தாவப் பத்தி வேற ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வாசலில் லாரி ஹாரன் கேட்டது. எழுந்து போனார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

மீதிச் சீட்டுகளின் பின்பக்கம் வெள்ளைதானே என்று கடைக் கவுண்டரில் வைத்திருக்கிறேன். ஆன்லைனில் விண்ணப்பம் போட வருகிறவர்கள் அதில் தங்கள் பெயரும் அப்பா பெயரும் எழுதித் தருகிறார்கள். முன்பெல்லாம் பார்த்து அப்படியே அடித்துவிடுவேன். நேற்று ஒரு பெண்ணிடம், "அப்பா பேரு இதானா? நல்லா வெசாரிச்சியா?" என்று கேட்டுவிட்டேன்.

"எங்கப்பா பேரு எனக்குத் தெரியாதாக்கா?" என்று முறைத்தாள்.

"தெரிஞ்சா சரி," என்று சொல்லி என்டரைத் தட்டினேன்.